தொண்ணூறு சதுரங்களில் ஒரு கண்டனம்: கைத்தையல் பதாகை செய்வோருக்கு

கையால் தைத்து எதிர்ப்பைச் சொல்லலாம் என்று ஒரு குழு கூடினால், முதல் அரைமணி நேரம் தையல் வகையைப் பற்றியும் நூல் நிறத்தைப் பற்றியும்தான் பேச்சு ஓடும். அதையெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் முடிவு செய்ய வேண்டியவை இரண்டு: இதைப் படிக்கப்போவது யார், எவ்வளவு தூரத்தில் நின்று படிப்பார். துணியின் அளவு, எழுத்தின் உயரம், எத்தனை பேர் வேண்டும், எத்தனை வாரம் ஆகும், எல்லாம் இந்த இரண்டுக்கும் கட்டுப்பட்டவை.

பிரிட்டனில் 'கிராஃப்டிவிஸ்ட் கலெக்டிவ்' குழுவினர் 2015-இல் ஒரு பெரிய சில்லறை வணிக நிறுவனத்தின் இயக்குநர்கள் 14 பேருக்கும் ஆளுக்கொரு கைக்குட்டை தைத்துக் கொடுத்தார்கள். ஊழியர்களுக்கு வாழத் தகுந்த கூலி கொடுங்கள் என்பது கோரிக்கை. படிப்பவர் ஒரே ஒருவர், தூரம் ஒரு முழம். சின்ன எழுத்து போதும், நுணுக்கமான பூவேலையும் அங்கே எடுபடும். அர்ஜென்டினாவில் ராணுவ ஆட்சியில் காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைக் கேட்டு 1977 முதல் பிளாசா டி மாயோ சதுக்கத்தைச் சுற்றி நடந்த தாய்மார்கள், குழந்தைகளுக்குக் கட்டும் வெள்ளைத் துணியைத் தலையில் கட்டிக்கொண்டார்கள். அதற்கு எழுத்தே தேவைப்படவில்லை. சதுக்கத்தின் மறுகோடியிலிருந்து பார்த்தாலும் யார் என்று தெரிந்தது. 2006-இல் டென்மார்க் கலைஞர் மரியான் யோர்கென்சன் கோபன்ஹேகனில் ஒரு பீரங்கி வண்டியை, பலர் பின்னி அனுப்பிய 4,000-க்கும் மேற்பட்ட இளஞ்சிவப்புக் கம்பளிச் சதுரங்களால் போர்த்தினார். ஈராக் போரில் டென்மார்க் சேர்ந்ததற்கு எதிரான அந்த வேலையும் தூரப் பார்வைக்கானது. நிறமும் பீரங்கியின் வடிவமுமே சேதியைச் சொல்லிவிட்டன.

சொதப்புவது எங்கே என்றால், இரண்டு தூரத்தையும் ஒரே துணியில் போட்டுக் கலக்கும்போது. ஒன்றரை செ.மீ. எழுத்தில் நூறு பேர் உருகி உருகித் தைத்ததை நாலு மீட்டர் துணியாக்கிச் சாலையின் எதிர்ப்புறம் தூக்கிப் பிடிப்பார்கள். படத்தில் பார்த்தால் கறை படிந்த படுக்கை விரிப்பு மாதிரி இருக்கும். வெயிலிலும் மழையிலும் படிக்க வசதியான கணக்கு ஒன்று உண்டு: ஒவ்வொரு 3 மீட்டர் தூரத்துக்கும் எழுத்தின் உயரம் 2.5 செ.மீ. இருக்க வேண்டும். 30 மீட்டர் தள்ளி நிற்பவருக்கு 25 செ.மீ. எழுத்து. அவ்வளவு பெரிய எழுத்தை எம்பிராய்டரி நூலால் நிரப்ப உட்கார்ந்தால் போராட்டமே முடிந்துவிடும். அதற்குத் துணியை வெட்டி ஒட்டித் தைப்பதுதான் வழி. பெண்களின் வாக்குரிமைக்காக 1908 ஜூன் 13 அன்று லண்டனில் நடந்த ஊர்வலத்துக்குக் கலைஞர்கள் செய்துகொடுத்த கொடிகளும் பெரும்பாலும் இந்த ஒட்டுவேலையில் ஆனவைதான்.

ஆகவே இரண்டு துணி. கிட்டத்தில் வந்து படிக்கச் சதுரங்கள். தூரத்துக்கு ஒரு வரி முழக்கம், தனிப் பட்டையில். இனி வருவது 90 சதுரங்களுக்கான கணக்கு.

அளவும் துணியும்

தைத்து முடிந்த சதுரம் 30 செ.மீ. சுற்றிலும் இணைப்புக்கு ஒன்றரை செ.மீ. விட்டால் 33. ஆனால் கையில் கொடுக்கும்போது 35 செ.மீ. துண்டாகக் கொடுங்கள். எம்பிராய்டரி வளையத்தில் இறுக்கித் தைத்த துணி கொஞ்சம் கோணலாகத்தான் திரும்பி வரும். திரும்பி வந்தபின் 33-க்கு நறுக்குவது உங்கள் வேலை. எழுத்தும் படமும் நடுவிலுள்ள 26 செ.மீ.-க்குள் அடங்க வேண்டும் என்று பென்சிலால் கோடு போட்டே கொடுத்துவிடுங்கள். வாயால் சொன்னால் போதாது. ஓரம் வரை தைத்து, கடைசி எழுத்து இணைப்புக்குள் போய் மறைந்த சதுரம் ஒவ்வொரு முறையும் நாலைந்து வரும்.

கொடுத்ததெல்லாம் நாள் தவறாமல் திரும்பாது. நான்கில் ஒன்று வராது என்று வைத்துக்கொண்டு 120 துண்டுகள் வெட்டுங்கள். 150 செ.மீ. அகலமுள்ள பருத்திக் காடாத் துணியில் குறுக்கே நான்கு துண்டு கிடைக்கும், அப்படி 30 வரிசை, 10.5 மீட்டர். துவைத்தால் நூற்றுக்கு ஐந்து வரை சுருங்கலாம் என்பதால் 11.5 மீட்டர் வாங்குங்கள். பின்துணிக்கு இது சேராது, தனி. எல்லாம் ஒரே துணிச் சுருளிலிருந்து இருக்கட்டும். இரண்டு சுருள் என்றால் வெள்ளையில்கூட இரண்டு வெள்ளை வரும். வெட்டுவதற்கு முன்னால் துணியைச் சூடான தண்ணீரில் அலசி, காயவைத்து, இஸ்திரி போட்டுவிட வேண்டும். இதைச் சோம்பலில் விட்டவர்கள் முதல் மழையில் அனுபவிப்பார்கள். ஒவ்வொரு சதுரமும் ஒவ்வொரு அளவுக்குச் சுருங்கி, பதாகை முழுக்க அப்பளம் மாதிரி அலை எழும்பும்.

"வீட்டில் இருக்கிற துணியில் தைத்து அனுப்புங்கள்" என்று சொல்வது கேட்க நன்றாக இருக்கும். சிலி நாட்டில் 1973 ராணுவப் புரட்சிக்குப் பிறகு பெண்கள் மாவுச் சாக்கின் மேல் பழந்துணியை வைத்துத் தைத்த 'அர்பியேரா'க்களில் அதுதான் உயிர். சில வேலைப்பாடுகளில் காணாமல் போனவரின் சட்டைத் துணியே இருந்தது. ஆனால் அவை தனித்தனிப் படங்கள். ஒன்றோடொன்று இணைக்கப்போகும் சதுரங்களில் ஒருவர் நைலக்ஸும் இன்னொருவர் ஜீன்ஸும் அனுப்பினால் மெல்லியதைத் தடித்தது இழுத்துக் கிழிக்கும். பழந்துணியை விட மனமில்லையென்றால் காடாச் சதுரத்தின் மேல் ஒட்டுவேலையாக வைக்கச் சொல்லுங்கள்.

நூலும் எழுத்தும்

ஆறு இழை எம்பிராய்டரி நூலைப் பிரித்து மூன்று இழையாகத் தைப்பது இந்தத் துணிக்குச் சரி. நூலின் நீளம் முழங்கையிலிருந்து விரல்நுனி வரை, சுமார் 45 செ.மீ. அதற்கு மேல் நீளமாகக் கோத்தால் நேரம் மிச்சமாகும் என்று தோன்றும். உண்மையில் துணிக்குள் புகுந்து புகுந்து நூல் பஞ்சு பிடிக்கும், பாதியில் சிக்கும். எழுத்துக்கு பேக் ஸ்டிச் (முந்தைய தையல் முடிந்த இடத்துக்கே ஊசியைத் திருப்பி இறக்கும் தையல்), இல்லாவிட்டால் சங்கிலித் தையல். ஓட்டுத் தையலில் எழுத்து விட்டு விட்டுத் தெரியும், வேண்டாம்.

சிவப்பு நூலைச் சோதிக்காமல் யாருக்கும் கொடுக்காதீர்கள். மெக்சிகோவில் 2011-இல் தொடங்கிய கைக்குட்டை இயக்கத்தில் கொல்லப்பட்டவர்களுக்குச் சிவப்பு நூல், காணாமல் ஆக்கப்பட்டவர்களுக்குப் பச்சை நூல் என்று வழக்கம் வந்தது. அதைப் பார்த்துச் சிவப்பைத் தேர்ந்தெடுப்பவர்கள் அதிகம், சாயம் இறங்கி வெள்ளைத் துணி ரோஜா நிறமாகிப்போவதும் அதிகம். ஒரு முழ நூலை வெந்நீரில் நனைத்து, வெள்ளைத் துணிக்கு நடுவில் வைத்து, சூடான இஸ்திரிப் பெட்டியால் அழுத்துங்கள். வெள்ளையில் லேசாகக் கறை தெரிந்தாலும் அந்த நூல் வேண்டாம்.

தமிழில் தைக்கும்போது வேறெங்கும் எழுதி வைத்திராத தொல்லைகள் சில உண்டு. பெரியது புள்ளி. மெய்யெழுத்துப் புள்ளியை முடிச்சுத் தையலாகப் போடுவார்கள். ஊசி மேலே வந்த அதே ஓட்டையில் திரும்ப இறக்கினால் முடிச்சும் கூடவே துணிக்குள் வழுக்கிப் பின்பக்கம் போய்விடும்; மேலே ஒன்றும் இருக்காது. 'மண்' போய் 'மண' ஆகும். 'பொய்' என்று குற்றம் சாட்ட வந்தவர் 'பொய' என்று நிற்பார். பரிகாரம் எளிது: ஊசியில் நூலை இரண்டு சுற்று சுற்றி, மேலே வந்த இடத்திலிருந்து துணியின் இரண்டு இழை தள்ளி இறக்க வேண்டும். அந்த இரண்டு இழைதான் முடிச்சைத் தாங்கும் பாலம். மற்ற எழுத்தை மூன்று இழையில் தைத்தாலும் புள்ளிக்கு மட்டும் ஆறு இழை போடுங்கள். எட்டி நின்று பார்த்தாலும் தெரியும்.

அடுத்தது கொம்பு. ஒற்றைக் கொம்புக்கும் இரட்டைக் கொம்புக்கும் உள்ள வித்தியாசம் மேலே ஒரு சின்னச் சுழி. ஒரு செ.மீ. எழுத்தில் அந்தச் சுழி அடைந்துபோய், 'வேண்டும்' என்பது 'வெண்டும்' ஆகும். தமிழ் எழுத்து இரண்டரை செ.மீ. உயரத்துக்குக் குறையக் கூடாது என்று நாங்கள் பிடிவாதமாகச் சொல்வது இதனால்தான். நேர்கோட்டில் தையல் 4 மி.மீ. நீளம் இருக்கலாம், ழகரத்தின் வால், ணகரத்தின் சுழி போன்ற வளைவுகளில் 2 மி.மீ.-க்கு இறக்க வேண்டும். நீளத் தையலில் வளைவு முக்கோணமாக உடையும்.

இந்த உயரத்தில் ஒரு சதுரத்தில் வசதியாக நிற்பது 25 எழுத்து. பழகாத கைக்கு ஓர் எழுத்துக்குப் பத்து நிமிடம் என்று வையுங்கள். நாலு மணி நேரத்துக்கு மேல் ஆகும். வேலைக்குப் போகிறவர் அதை இரண்டு வாரத்தில் முடிப்பார். ஐம்பது எழுத்து வாசகத்தைக் கொடுத்தால் முடிக்காமலே வைத்துக்கொண்டு, திருப்பித் தர வெட்கப்பட்டு, போனை எடுக்க மாட்டார். வராத சதுரங்களில் பாதிக்கு நீண்ட வாசகம்தான் காரணம்.

பெயர்களைத் தைப்பதாக இருந்தால் தைக்கத் தொடங்கும் முன் குடும்பத்தாரிடம் கேட்டுவிட வேண்டும்: பெயரைப் போடலாமா, எப்படி எழுதுவார்கள், முதலெழுத்து என்ன. றகரத்துக்குப் பதில் ரகரம் போட்டுத் தைத்த பெயரைத் தாய் ஒருவர் பார்த்துவிட்டு நிற்கும் நிலை யாருக்கும் வரக் கூடாது. தைப்பவரின் பெயர் வேறு விஷயம். சிலியின் வேலைப்பாடுகளில் பெரும்பாலும் தைத்தவர் கையெழுத்து இல்லை. காரணம் பயம், நியாயமான பயம். யார் எந்தச் சதுரத்தைத் தைத்தார் என்பதற்கு எண் மட்டும் கொடுத்து, அந்த எண்ணைக் காகிதச் சீட்டில் எழுதிக் குண்டூசியால் குத்திவிடுங்கள். பெயரும் முகவரியும் உள்ள பட்டியலைப் பத்துப் பேருக்கு அனுப்பி வைக்காதீர்கள்.

முழக்கப் பட்டை

பட்டையின் நீளம் 4.5 மீட்டர், உயரம் 40 செ.மீ., எழுத்து 25 செ.மீ. எத்தனை எழுத்து கொள்ளும் என்று பார்க்கும்போது தமிழில் ஒரு கணக்குப் பிசகு நேரும். 'காணாமல் போனவர் எங்கே' என்பதில் எழுத்து பதினொன்று. ஆனால் துணியில் இடம் பிடிப்பது எழுத்தல்ல, உருவம். 'போ' ஓர் எழுத்துதான். கொம்பு, பகரம், கால் என்று மூன்று இடம் கேட்கும். 'கா', 'ணா', 'கே' ஒவ்வொன்றும் இரண்டு. ஆக மொத்தம் 16 இடம். ஓர் இடத்துக்கு 25 செ.மீ. என்றால் நாலு மீட்டர், மிச்சம் அரை மீட்டர் சொல்லிடைவெளிக்கும் ஓரத்துக்கும். இதற்கு மேல் ஒரு சொல்கூட ஏறாது. எழுத்தைச் சுருக்கலாமே என்று யாராவது சொல்வார்கள். சொல்லைச் சுருக்குங்கள்.

எழுத்துகளை முழு அளவில் காகிதத்தில் வெட்டித் தரையில் பரப்பிப் பார்த்தபின்தான் துணியில் கத்தரி வைக்க வேண்டும். இஸ்திரி போட்டால் ஒட்டும் பசைத்தாள் பயன்படுத்தினால் காகிதப் பக்கத்தில் எழுத்தைத் திருப்பி வரைய வேண்டும். நேராக வரைந்தால் கண்ணாடியில் பார்த்த மாதிரி வரும். மகரமும் பகரமும் திரும்பியிருப்பது வெட்டி முடிக்கும் வரை கண்ணில் படாது. பசை மட்டும் நம்பக்கூடியதல்ல. வெயில் ஏறினால் ஓரம் கிளம்பும், அதனால் சுற்றிலும் மிஷினில் ஜிக்ஜாக் தையல் அடித்துவிடுங்கள். நிறத்தில் தைரியம் காட்ட வேண்டாம்: வெளிர் துணியில் கறுப்பு அல்லது கருநீலம். கறுப்பில் சிவப்பு கையில் வைத்துப் பார்க்கக் கம்பீரமாக இருக்கும்; மாலை வெளிச்சத்தில் இரண்டும் ஒன்றாகிவிடும்.

இணைப்பது

மேடையிலும் படத்திலும் தெரிவது தையல். பதாகை நிற்பதும் விழுவதும் இணைப்பில். 90 சதுரத்தையும் ஒரே துணியாக இணைத்தால் 4.5 மீட்டர் நீளம், 1.8 மீட்டர் உயரம், அழகாகத்தான் இருக்கும். ஆனால் மணிக்கு 36 கி.மீ. வேகக் காற்று நேராக அடித்தால் அந்த 8.1 சதுர மீட்டர் துணியை ஏறக்குறைய 60 கிலோ எடையின் விசை தள்ளும். அதைப் பிடித்துக்கொண்டு யாரும் நடக்க முடியாது. குறுக்கே ஐந்து, கீழே ஆறு என்று 30 சதுரம் கொண்ட மூன்று பகுதிகளாகச் செய்யுங்கள். ஒவ்வொன்றும் 1.5 க்கு 1.8 மீட்டர். அதே காற்றில் ஒன்றுக்கு 20 கிலோ விசை, இரண்டு பேர் சமாளிக்கலாம். காற்றுக்காகத் துணியில் அரைவட்ட ஓட்டை போடும் வழக்கம் பெரிதாகப் பயன் தராது. அந்த ஓட்டையின் முனையிலிருந்துதான் கிழிசல் ஆரம்பிக்கும்.

தனித்தனிப் பகுதியாகச் செய்து பிறகு சேர்ப்பது நிரூபிக்கப்பட்ட முறை. எய்ட்ஸால் இறந்தவர்களின் நினைவாக அமெரிக்காவில் தைத்த எய்ட்ஸ் நினைவுப் போர்வையில் ஒவ்வொரு துண்டும் 3 அடிக்கு 6 அடி, ஒரு புதைகுழியின் அளவு. எட்டுத் துண்டு சேர்ந்தால் 12 அடிச் சதுரம். 1987 அக்டோபர் 11 அன்று வாஷிங்டனில் விரிக்கும்போது 1,920 துண்டுகள் இருந்தன. எத்தனை ஆயிரம் வந்தாலும் அளவு மாறாததால் சேர்த்துக்கொண்டே போக முடிந்தது. 2017-இல் அமெரிக்காவின் பெண்கள் பேரணியில் பலர் அணிந்த இளஞ்சிவப்புப் பூனைக்காதுத் தொப்பியும் வேறு விதத்தில் இதே புத்திசாலித்தனம்: 28 செ.மீ. அகலம், 43 செ.மீ. நீளம் உள்ள செவ்வகத்தைப் பின்னி இரண்டாக மடித்து இரு பக்கமும் தைத்தால் மூலைகள் தாமே காதாக நிற்கும். நேற்றுப் பின்னக் கற்றவரும் செய்யலாம். (அந்த இளஞ்சிவப்பு எல்லாப் பெண்களையும் குறிக்குமா என்று எழுந்த விமர்சனம் தனிக் கதை. ஒரே நிறத்தைச் சின்னமாக வைப்பவர்கள் அதை முன்பே பேசிவிடுவது நல்லது.)

நறுக்க, தடித்த அட்டையில் 33 செ.மீ. சதுரம் வெட்டி, நடுவில் 30 செ.மீ. சன்னல் திறந்துகொள்ளுங்கள். சன்னலுக்குள் எழுத்து நேராக நிற்கும்படி அட்டையைத் திருப்பி வைத்து வெளிக்கோட்டில் வெட்டுங்கள், உள்கோட்டில் பென்சில் கோடு. தைக்கும்போது துணி ஓரத்தைப் பார்க்காமல் இந்தப் பென்சில் கோட்டைப் பார்த்தே தைக்க வேண்டும். ஒரு சதுரத்தில் 2 மி.மீ. பிசகு கண்ணுக்குத் தெரியாது. ஆறு சதுரம் சேர்ந்தால் 12 மி.மீ., பக்கத்து வரிசையோடு மூலை பொருந்தாது. பொருந்தாததை இழுத்துத் தைத்துச் சரிக்கட்டுவார்கள், அங்கே சுருக்கம் விழும். முதலில் ஐந்தைந்தாக வரிசை, பிறகு வரிசையோடு வரிசை. ஒவ்வொரு இணைப்புக்குப் பிறகும் பின்பக்கம் விரித்து இஸ்திரி. எம்பிராய்டரி உள்ள பக்கத்தைத் தடித்த துண்டின் மேல் கவிழ்த்துப் போட்டே இஸ்திரி போடுங்கள், நேராக அழுத்தினால் முடிச்சுகள் சப்பையாகும்.

பின்துணி கட்டாயம். வெயில் பின்னாலிருந்து அடித்தால் தொங்கும் நூல்வால்கள் எல்லாம் முன்னால் நிழலாகத் தெரியும். மேல் விளிம்பில் 4 செ.மீ. அகலப் பருத்தி நாடாவை உள்ளே வைத்துத் தைத்தால் நடுவில் தொய்யாது. இரு பக்கமும் குச்சி நுழைக்க உறை. குச்சியின் குறுக்களவு 2.5 செ.மீ. என்றால் சுற்றளவு 8 செ.மீ.; அதில் பாதி 4 தானே என்று தைத்தால் குச்சி ஏறாது. தட்டையாக வைத்துப் பார்க்கும்போது உறை 6 செ.மீ. இருக்க வேண்டும். மரக் கம்பை ஆயுதம் என்று தடுக்கும் இடங்கள் பல உண்டு; விதியை முன்கூட்டிக் கேட்டு, தேவையானால் மெல்லிய பிளாஸ்டிக் குழாயோ தடித்த அட்டைக் குழாயோ வைத்துக்கொள்ளுங்கள். நல்ல மழையில் அட்டைக் குழாய் அரை மணி நேரம்கூட நிற்காது.

இஸ்திரியெல்லாம் முடிந்ததும், வெளியே எடுத்துப்போகும் முன், ஒவ்வொரு சதுரத்தையும் தனியாகப் படம் எடுங்கள். பறிமுதலானாலும் மழையில் போனாலும் படம் மிஞ்சும். மெழுகுவத்தி ஏந்தும் கூட்டமென்றால் பதாகைக்கும் சுடருக்கும் நடுவில் ஆள் நிற்க வேண்டும். பருத்தி பற்றி எரியும், அக்ரிலிக் கம்பளியோ உருகித் தோலில் ஒட்டும்.

கம்பத்திலும் மரத்திலும் பின்னல் சுற்றுவது பற்றி ஒரு வார்த்தை. வாசகமோ இடத்தின் பொருத்தமோ இல்லாமல் வண்ணக் கம்பளி சுற்றினால் அது அலங்காரம், அதை எதிர்ப்பு என்று சொல்லிக்கொள்ள வேண்டாம். மரத்தில் சுற்றினால் நனைந்த கம்பளி பட்டையில் ஈரத்தைத் தேக்கும், மரம் பருக்கும்போது இறுக்கும். சுற்றுகிற அன்றே அவிழ்க்கும் தேதியையும் அவிழ்க்கப்போகும் ஆளையும் குறித்துவிடுங்கள்.

நாள் கணக்கு

எட்டு வாரம் இருந்தால் பதறாமல் செய்யலாம். ஒரு வாரம் துணி துவைத்து, வெட்டி, கோடு போட. தைக்க நாலு வாரம். திருப்பித் தர வேண்டிய நாளை உண்மையான நாளுக்குப் பத்து நாள் முன்னதாகச் சொல்லுங்கள். இரண்டாவது வார முடிவில் எல்லோரையும் பாதி வேலையோடு ஒரு நாள் கூட்டினால் பிழைகள் அங்கேயே பிடிபடும், நின்றுபோனவர்களும் தொடர்வார்கள். இணைக்க, இரண்டு பேரும் ஒரு மிஷினும் இருந்தால் ஒரு பகுதிக்கு ஒரு முழு நாள்.

முடிந்தபின் மடிக்காதீர்கள். எழுத்துப் பக்கம் வெளியே இருக்க, அட்டைக் குழாயில் பழைய வெள்ளைத் துணியோடு சேர்த்துச் சுருட்டுங்கள்; உள்பக்கமாகச் சுருட்டினால் முடிச்சுகள் நசுங்கும். ஈரம் துளி இருந்தாலும் பூஞ்சை கறுப்பாகப் புள்ளி போடும், அந்தப் புள்ளி எந்தச் சோப்புக்கும் போகாது.

ஊர்வலம் முடிந்த மறுவாரம், வராமல் போன சதுரங்களில் பத்துப் பதினைந்து ஒவ்வொன்றாக வந்து சேரும். நாலாவது பகுதிக்கு முப்பது வேண்டும். 33-க்கு நறுக்கி, எண் சீட்டோடு அடுக்கி வையுங்கள்.